மிச்சம் பிடித்த மகான்கள்

அணை கட்டியவருக்கு மணிமண்டபம் உண்டு. பாலம் கட்டியவருக்குக் கல்வெட்டு உண்டு. வீட்டுச் சுவருக்குள் ஒயர் எந்த வழியாக ஓட வேண்டும் என்று தீர்மானிக்கிறாரே, அவருக்கு மட்டும் நம் நாட்டில் எதுவும் கிடையாது. புதுமனை புகுவிழாவுக்கு வந்தவர்கள் பெயின்ட் அடித்தவரை விசாரிக்கிறார்கள். டைல்ஸ் ஒட்டியவரின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போகிறார்கள். கன்சீல்டு ஒயரிங் செய்தவரோ, கொத்தனார் பூசி முடித்த அன்றே தன் வேலை மொத்தமும் சுவருக்குள் மறைந்துபோவதைப் பார்த்துவிட்டு, பாக்கிக் கூலிக்கு நடையாய் நடக்கிறார். புகழை எதிர்பாராத இந்தத் தொண்டைப் புகழ ஒரு ஆளாவது வேண்டாமா?

இவர்கள் பெருமை விளங்க வேண்டுமானால் இவர்களுக்கு முந்திய தலைமுறையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். ரீப்பர் ஒயரிங் காலத்து ஆட்கள். சுவரில் மரக்கட்டையைப் புதைத்து, அதன் மேல் தேக்கு ரீப்பரை அடித்து, ரீப்பரின் மேல் ஒயரைப் படுக்கவைத்து, வரிசையாகத் தகரக் கிளிப்பை மடக்கிக்கொண்டே போவார்கள். மூலை வந்தால் மூலையோடு திரும்புவார்கள். கதவு வந்தால் நிலையைச் சுற்றிப் போவார்கள். குறுக்கே பாய வேண்டும் என்ற துணிச்சல் அவர்களுக்கு வந்ததே இல்லை. அவர்கள் வேலையில் ரகசியம் என்பது மருந்துக்கும் கிடையாது. ஒயர் எங்கே கிளம்புகிறது, எங்கே பிரிகிறது, எந்தச் சுவிட்சில் போய் இறங்குகிறது என்பதெல்லாம் கூடத்தின் நடுவில் நின்று பார்த்தாலே தெரியும். காலண்டர் மாட்ட ஆணி அடிக்கிற சின்னப் பையன்கூட ரீப்பரைப் பார்த்துவிட்டு ஒரு முழம் தள்ளி அடிப்பான். எங்காவது கருகினால் கருகிய இடம் கண்ணுக்கு நேரே கறுத்து நிற்கும். இப்படி எல்லாவற்றையும் வெட்டவெளிச்சமாக்கி, வீட்டின் அழகைக் கெடுத்து, வீட்டிலிருந்த உயிர்களை மட்டும் காப்பாற்றிவிட்டுப் போனார்கள் அந்த அப்பாவிகள்.

நம் காலத்து மகான்கள் அழகைக் காப்பாற்றுகிறார்கள். எங்கள் தெருக்கோடியில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. செங்கல் கட்டு முடிந்து பூச்சுக்குக் காத்திருக்கிற பக்குவம். முன்னறைச் சுவரில் நாலடி உயரத்தில் சுவிட்ச் பெட்டிக்கான குழி. அங்கிருந்து நாலடி தள்ளி, ஏழடி உயரத்தில் ஏ.சி. பாயின்ட்டுக்கான குழி. இரண்டுக்கும் நடுவே நூல் பிடித்துச் சாய்வாக ஒரு கோடு போட்டிருந்தது. அந்தக் கோட்டின் மேல் மகானின் சீடப்பிள்ளை கட்டிங் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தான். அறை முழுக்கச் செங்கல் புழுதி. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்:

“ஏம்பா, நேரா மேல ஏத்தி, அப்புறம் படுக்கையாக் கொண்டுபோய்ச் சேர்த்தா என்ன?”

“அது சுத்து சார். இப்படி அடிச்சா ஒரே இழுப்பு. உங்களுக்குத்தான் ஒயர் மிச்சம்.”

வாத்தியார் வாயடைத்துப்போனார். காலமெல்லாம் கரும்பலகையில் அவர் நடத்திய பிதாகரஸ் தேற்றத்தை வாழ்க்கையில் பயன்படுத்துகிற ஒரு ஆளை அன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறார். மேலே மூன்றடி, பக்கவாட்டில் நாலடி. முறைப்படி போனால் ஏழடி, சாய்வில் போனால் ஐந்தடி. ஃபேஸ், நியூட்ரல், எர்த் என்று மூன்று ஒயருக்கும் இரண்டிரண்டு அடி, ஆக மொத்தம் ஆறடி மிச்சம். ஒரு காயில் ஒயர் என்பது 90 மீட்டர். இதே மாதிரி 50 சுவர்களை மூலைவிட்டமாகப் பிளந்தால் ஒரு முழுக் காயில் கைக்கு வந்துவிடும். அந்த வீட்டில் மொத்தமே அத்தனை சுவர் கிடையாது என்பது வேறு விஷயம். சிக்கனத்தைத் தொடங்கிவைப்பதுதான் பெரியவர்கள் வேலை, முடித்துவைப்பது சந்ததியின் பொறுப்பு.

சுவரின் பலத்தைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருக்கும் கட்டடப் பொறியாளர்கள் சிலர் உண்டு. பைப் பதிக்க வெட்டுகிற காடி நேர்க்குத்தானது என்றால் சுவரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் போகக் கூடாது, படுக்கையான காடி என்றால் ஆறில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்று அவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நாலரை அங்குலச் சுவரில் ஆறில் ஒரு பங்கு என்பது முக்கால் அங்குலம். 20 மில்லிமீட்டர் பைப்பே முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல். ஆகவே பைப்பைப் படுக்கவைத்தால் அதற்கு மேல் வெறும் பூச்சுதான் காவல். மகான் இந்த வம்பில் எல்லாம் சிக்குவதில்லை. அவர் வெட்டுவது நேர்க்குத்தும் இல்லை, படுக்கையும் இல்லை. சாய்வுக்கு யாரும் பங்கு சொல்லவில்லையே! காடியின் மேல் கோழிவலை அடித்துப் பூசினால் வெடிப்பு விழாது என்று வாத்தியார் எங்கோ படித்ததைச் சொன்னார். “அதெல்லாம் தேவையில்ல சார்” என்று பதில் வந்தது. ஆகவே கொஞ்ச காலத்தில் பூச்சின் மேல் மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடி, ஒயர் போகிற வழியை அப்படியே கோடு போட்டுக் காட்டும். அந்த வீட்டுக்குக் கிடைக்கப்போகிற ஒரே வரைபடம் அதுதான். அதையும் ஏதாவது ஒரு பொங்கலுக்குப் பட்டி பார்த்து மூடிவிடுவார்கள்.

வரைபடம் இல்லாததைக் குறையாகச் சொல்கிறவர்கள் மகானின் நினைவாற்றலை அறியாதவர்கள். எந்தச் சுவரில் எந்தப் பைப் எங்கே வளைகிறது என்பது முழுக்க அவர் தலைக்குள் இருக்கிறது. காகிதத்தில் எழுதினால் கரையான் அரிக்கும், தொலைந்துபோகும். தலைக்குள் இருந்தால் பத்திரம். வீடு கட்டிச் சில வருஷம் கழித்து, அடுப்படியில் ஒரு அலமாரி மாட்ட வேண்டும் என்று போன் போட்டுக் கேட்டுப் பாருங்கள். “அது நம்ம பையன் செஞ்ச வேலை சார். அவன் இப்ப துபாய்ல இருக்கான்” என்பார். அப்படியானால் வரைபடமும் துபாயில் பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம். இதற்கு மேல் என்ன உத்தரவாதம் வேண்டும்?

சீமைக்காரர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட எவ்வளவோ பின்தங்கியவர்கள். பிரிட்டனில் பி.எஸ். 7671 என்று ஒரு விதித் தொகுப்பைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். 50 மில்லிமீட்டருக்குக் குறைவான ஆழத்தில் கேபிளைப் புதைப்பது என்றால் கண்ட இடத்தில் புதைக்க அங்கே சுதந்திரம் கிடையாது. சுவரில் சுவிட்சோ பிளக் பாயின்ட்டோ இருந்தால் அதிலிருந்து நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் போகலாம். இல்லையென்றால் சுவரின் உச்சியில் 150 மில்லிமீட்டர் பட்டைக்குள் போகலாம், அல்லது இரண்டு சுவர் சேரும் மூலையில் அதே 150 மில்லிமீட்டருக்குள். அவ்வளவுதான். இப்படி நேராகப் போகிற ஒயருக்கும் இரும்புக் கவசம் இல்லாவிட்டால் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கிற ஆர்.சி.டி. என்ற கருவியின் காவல் வேறு வேண்டுமாம். விளைவு என்ன? சுவரில் ஒரு சுவிட்சைப் பார்த்த மாத்திரத்தில், அதன் தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும் கை வைக்கக் கூடாது என்று முன்பின் தெரியாத தச்சர்கூடச் சொல்லிவிடுகிறார். ஒயரிங் செய்தவர் செத்து மண்ணாகிப் போனாலும் அவர் போன வழி ஊருக்கே தெரியும். ஒரு கலைஞனுக்கு இதைவிட அவமானம் உண்டா?

அங்கேயும் நம் மரபில் வந்தவர்கள் அடியோடு இல்லாமல் போகவில்லை. 2004-ல் லண்டனில் ஒரு வீட்டு அடுப்படிச் சுவரில், கரண்டி மாட்டுகிற உலோகச் சட்டம் ஒன்றைத் திருகிப் பொருத்தியிருந்தார்கள். திருகாணி இறங்கிய இடத்தில் ஒயர் இருக்க நியாயமே இல்லை. விதிப்படி அது நேராக இறங்கியிருக்க வேண்டும், ஆனால் சாய்வாகப் புதைத்திருந்தார்கள். திருகாணி அதைக் கீறியது யாருக்கும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் அந்த வீட்டுப் பெண் சட்டத்தையும் பாத்திரம் கழுவும் இயந்திரத்தையும் ஒரே நேரத்தில் தொட்டார். இறந்துபோனார். அடுத்து வந்த 2005 ஜனவரியிலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டு மின்வேலை கட்டட விதிகளுக்குள் வந்துவிட்டது. ஒரு அடுப்படிச் சுவரில் சாய்வாகப் போனால் எத்தனை அடி மிச்சமாகும்? நம் வாத்தியார் கணக்குப்படி ஒயருக்கு இரண்டு.

நம் ஊரில் துளை போட வருகிறவர்கள் தனிப் பரம்பரை. டி.வி. மாட்ட ஒருவர், திரைச்சீலைக் கம்பிக்கு ஒருவர், மாடுலர் கிச்சனுக்கு ஒரு பட்டாளம். டிரில்லிங் மெஷினில் 8 எம்.எம். பிட்டை மாட்டிக்கொண்டு, “எங்க சார் போடணும்?” என்று கேட்பார்கள். கை காட்டிய இடத்தில் போட்டுவிடுவார்கள். உள்ளே ஏதோ தட்டுப்பட்டால் “கல்லு சார்” என்று சொல்லி இன்னும் கொஞ்சம் அழுத்துவார்கள். படாரென்று பொறி பறந்து வீடு இருண்டால் அது புண்ணியம் செய்த வீடு. ஃபேஸும் நியூட்ரலும் ஒன்றாகி எம்.சி.பி. விழுந்துவிட்டது, அடிபட்ட இடமும் தெரிந்துவிட்டது. செலவோடு போயிற்று.

மகானின் முழு அருள் கிடைப்பது இன்னொரு வகை வீட்டுக்கு. அங்கே ஆணி ஃபேஸை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். சுவர் காய்ந்து கிடப்பதால் பொறி இல்லை, புகை இல்லை, எம்.சி.பி.யும் விழவில்லை. ஆணியில் மாமனார் படத்தை மாட்டி, சந்தன மாலை போட்டு, வெள்ளிக்கிழமை தவறாமல் பொட்டு வைக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடிக்கிறது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் வழியாக ஈரம் இறங்குகிறது. சுவரெல்லாம் ஓதம் ஏறிய ஒரு காலையில், வீட்டு அம்மாள் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு படத்தைத் துடைக்கப் போகிறார்.

“ஏங்க, சுவரைத் தொட்டா சுர்ருங்குது.”

“உனக்கு எப்பவும் ஏதாவது பிரமை” என்கிறார் வீட்டுக்காரர், ரப்பர் செருப்புக் காலோடு சோபாவில் உட்கார்ந்தபடி.

இந்த இடத்தில் எம்.சி.பி.யின் பெருந்தன்மையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 6 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் அதற்கு 6,000 மில்லி ஆம்பியர் வரை எந்த ஆட்சேபணையும் இல்லை. பிடித்த பிடியை விட முடியாமல் மனிதக் கை இறுகிப்போக 10, 15 மில்லி ஆம்பியர் போதும். 50-ஐத் தாண்டினால் இதயமே தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கலாம். எம்.சி.பி.யின் கணக்கில் இதெல்லாம் சில்லறை. அது சுவருக்குள் இருக்கிற ஒயரைக் காப்பாற்ற வைத்தது, சுவரைத் தொடுகிற ஆளைக் காப்பாற்ற வைத்ததில்லை. ஆளைக் காப்பாற்ற ஆர்.சி.சி.பி. என்று ஒன்று இருக்கிறது. ஃபேஸ் வழியாகப் போன மின்சாரம் நியூட்ரல் வழியாக முழுக்கத் திரும்பி வருகிறதா என்று ஓயாமல் கணக்குப் பார்ப்பதுதான் அதன் வேலை. 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில் கசிந்தால் 0.3 நொடிக்குள் துண்டித்துவிடும். அதைப் போல ஐந்து மடங்கு கசிந்தால் 0.04 நொடி. விலை இரண்டாயிரம் ரூபாய்க்கு முன்பின் இருக்கும்.

அதைக்கூட வாங்கி மாட்டுகிற வீடுகள் இருக்கின்றன என்பதுதான் வேடிக்கை. மாட்டிய ஒரு வாரத்தில் அது விழ ஆரம்பிக்கும். மிக்ஸி போட்டால் விழும், மழை பெய்தால் விழும், சில நாள் ஒன்றும் செய்யாமலே விழும். மகானைக் கூப்பிடுவார்கள். காரணம் தெரியாதவர் இல்லை அவர். சுவருக்குள் எங்கோ ஒயர் தோல் உரிந்து கசிகிறது, அல்லது ஒரு அறையின் நியூட்ரலை இன்னொரு அறையின் நியூட்ரலோடு அவரே முறுக்கிவிட்டிருக்கிறார். ஆனால் தேடப் போனால் சுவரை உடைக்க வேண்டும், புது பெயின்ட் போய்விடும். “இது ஓவர் சென்சிட்டிவ் சார்” என்று சொல்லி, இரண்டு துண்டு ஒயரை எடுத்து, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு டைரக்ட் பண்ணிவிடுவார். அதன் பிறகு விழவே விழாது. குரைத்த நாயை விரட்டிவிட்டு வீடு நிம்மதியாகத் தூங்கும்.

பைப்புக்குள் நடக்கிற சாதனைகள் தனிப் புராணம். முதலில் பைப்பே தேவையா என்று கேட்ட புரட்சிக்காரர்கள் உண்டு. காடிக்குள் ஒயரை அப்படியே வைத்து, அங்கங்கே ஆணியால் பிடித்து, கலவையைப் போட்டு அப்பிவிடுவார்கள். மெல்லிய பி.வி.சி. உறை ஒன்றுதான் செம்புக்கும் சிமெண்டுக்கும் நடுவே. நாளைக்கு ஒயரை மாற்ற வேண்டுமென்றால் இழுத்தால் வராது, சுவரைத்தான் உடைக்க வேண்டும். அதனால் என்ன? ஒயரை மாற்றவே வேண்டியிருக்காது என்ற அவர்கள் தன்னம்பிக்கையைப் பாருங்கள்.

பைப் போடுகிறவர்களும் சளைத்தவர்கள் இல்லை. பைப்பின் உள்வெளியில் 40 சதவீதத்துக்கு மேல் ஒயரால் அடைக்கக் கூடாது, மீதி வெப்பம் ஆறுவதற்கும் ஒயர் வழுக்கிக்கொண்டு வருவதற்கும் என்று ஒரு வழக்கு உண்டு. மகான் அந்த வெற்றிடத்தைப் பார்த்தால் மனம் பொறுக்கமாட்டார். இரண்டு அறைக்கு வேண்டிய ஒயரை ஒரே பைப்பில் திணிப்பார். இழுக்க வரவில்லையென்றால் முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவி, ஸ்பிரிங்கின் முனையில் கட்டி, ஒரு ஆள் தள்ள, ஒரு ஆள் காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு இழுக்க, கடைசியில் ஒயர் வந்துவிடும். வளைவில் அதன் தோல் எங்கே உரிந்தது என்பது ஒயருக்கும் பைப்புக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. ஒயர் ஒரு முழம் குறைந்துவிட்டதா? துண்டு ஒயரை முறுக்கி, டேப்பைச் சுற்றி, அந்த ஒட்டையும் பைப்புக்குள் இழுத்துவிடுவார். ஒட்டு என்பது திறந்து பார்க்கக்கூடிய ஜங்ஷன் பாக்ஸுக்குள் மட்டும்தான் இருக்க வேண்டும் என்பார்கள். சரி, ஜங்ஷன் பாக்ஸ் எங்கே? வட்ட மூடி அசிங்கமாகத் தெரிகிறதென்று வீட்டு அம்மாள் சொன்னதால் கொத்தனார் அதையும் பூசி மூடிவிட்டார்.

நிறங்களில் அவர்கள் காட்டுகிற சமரசம் வேறு எங்கும் காணக்கிடைக்காது. ஃபேஸுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை என்று நிறத்தின் பெயரால் வகுத்து வைத்திருக்கும் பேதங்களை நம் ஆட்கள் ஒப்புக்கொள்வதில்லை. எந்த காயிலில் மிச்சம் இருக்கிறதோ அந்த நிறம். சிவப்பு நியூட்ரலாகும், கறுப்பு ஃபேஸாகும். பச்சை மட்டும் சில வீடுகளில் தனி மரியாதையோடு பெட்டிக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். பிளக் பாயின்ட்டின் மூன்றாவது துளையிலும் அது சேர்ந்திருக்காது, வாசலில் உப்பும் கரியும் போட்டுப் புதைத்த எர்த் குழியிலும் சேர்ந்திருக்காது. பின்னால் யாராவது இன்னொரு லைட் பாயின்ட் கேட்டால் அந்தப் பச்சையே ஃபேஸாக அவதாரம் எடுக்கும். பச்சையைத் தொட்டால் ஒன்றும் ஆகாது என்று நம்பி வருகிற அடுத்த எலெக்ட்ரீஷியனுக்கு அது ஒரு சின்ன ஆச்சரியம்.

ஏ.சி., கீஸர், இண்டக்‌ஷன் அடுப்பு என்று வீடு வளர வளரச் சுவருக்குள் இருக்கிற ஒயரும் தானே வளர்ந்துகொள்ளும் என்பது மகான்களின் நம்பிக்கை. 2 கிலோவாட் கீஸர் 230 வோல்ட்டில் எட்டே முக்கால் ஆம்பியர் இழுக்கும். அதற்கென்று 2.5 அல்லது 4 சதுர மில்லிமீட்டர் ஒயரைத் தனியாக இழுப்பது சோம்பேறிகள் வேலை. பக்கத்திலேயே லைட்டுக்கும் ஃபேனுக்கும் போட்ட 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் சும்மாதானே போகிறது! மின்சாரம் இரண்டு மடங்கானால் ஒயரில் சூடு நாலு மடங்காகும். சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். அந்தச் சூட்டை ஆற்ற வேண்டிய காற்றுக்கும் பைப்பில் இடம் விடவில்லை என்பதை மேலேயே பார்த்தோம். எம்.சி.பி. முணுமுணுத்தால் அதைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் போடுவார்கள். அதன் பிறகு அடுப்பு, பைப்புக்கு வெளியே எரிவது பாதி, உள்ளே எரிவது பாதி.

தளத்தையும் விட்டுவைப்பானேன். காங்கிரீட் போடுவதற்கு முந்திய நாள் கம்பிகளுக்கு நடுவே பைப்பைப் பதித்துவிட்டு, வாய்ப்பக்கம் காகிதம் அடைக்க மறந்துவிடுவார்கள். மறுநாள் சிமெண்ட் பால் உள்ளே இறங்கி இறுகிவிடும். அடைபட்ட பைப்பை என்ன செய்வது? அதற்குத்தானே சுவர் இருக்கிறது. மறுபடியும் ஒரு சாய்வு.

இவ்வளவும் முடிந்த பிறகு அரசாங்கம் ஒரு சான்றிதழ் கேட்கும்: லைசென்ஸ் உள்ள ஒருவர் ஒயரிங்கைப் பார்த்துச் சோதித்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட வேண்டும். பல ஊர்களில் அந்தக் கையெழுத்து ஞானதிருஷ்டியால் நடக்கிறது. வீட்டைப் பார்க்காமலே, சுவரைத் தொடாமலே, மெக்கர் என்கிற சோதனைக் கருவியைப் பையிலிருந்து வெளியே எடுக்காமலே, காகிதத்தைப் பார்த்த மாத்திரத்தில் இன்சுலேஷன் நன்றாக இருப்பதை உணர்ந்துவிடுகிறார்கள். ஐ.எஸ். 732 என்று ஒயரிங்குக்கு இந்தியத் தர விதியே இருக்கிறது, 2019-ல் புதுப்பித்தும் வைத்திருக்கிறார்கள். அதன் அட்டையில்கூட நம் கை அழுக்குப் பட்டதில்லை. அத்தனை மரியாதை.

வீட்டுக்காரர்களை விட்டுவிட்டு மகான்களை மட்டும் புகழ்ந்தால் நன்றி கொன்றவனாவேன். இந்தக் கலையின் புரவலர்கள் அவர்கள்தாம். வாசல் கதவுக்கு பர்மா தேக்கு தேடி மூன்று ஜில்லா அலைவார்கள். அடுப்படி மேடைக் கிரானைட்டில் ஒரு பொட்டு நிறம் மாறினால் லாரியைத் திருப்பி அனுப்புவார்கள். ஒயரிங் பேச்சு வந்ததும் அவர்களுக்குள் இருக்கும் காந்தியவாதி எழுந்துவிடுவார். பாயின்ட்டுக்கு ஐம்பது ரூபாய் குறைத்துக் கேட்பார்கள். ஹெவி பைப்பா, லைட் பைப்பா என்று கேட்டால் “உள்ள போறதுதானப்பா” என்பார்கள். உள்ளே போகிறவர்கள் யார் என்பதை அந்த வாக்கியம் தெளிவாகச் சொல்வதில்லை.

அண்மையில் விஞ்ஞானமும் துணைக்கு வந்திருக்கிறது. செல்போனைச் சுவரோடு ஒட்டி நகர்த்தினால் உள்ளே இருக்கும் உலோகத்தைக் காட்டும் செயலியை ஒரு தம்பி ஆசையாகக் காண்பித்தார். போனில் இருப்பது காந்தமானி. இரும்பு இருந்தால் ஊசி ஆடும். ஒயரில் இருப்பது செம்பு, காந்தம் அதைக் கண்டுகொள்வதே இல்லை. தூணின் கம்பியைக் கண்டால் அலறிவிட்டு, உயிரோடு இருக்கும் ஒயரின் மேல் அமைதி காக்கிறது. நம் மகான்களின் ரகசியத்தைக் காட்டிக்கொடுக்க மறுக்கிற விசுவாசம் அந்தக் கருவிக்கு எப்படி வந்ததோ! ஒயரையே கண்டுபிடிக்கிற டிடெக்டர்கள் கடையில் கிடைக்கின்றன. அவற்றை வாங்கித் துளை போடுகிறவர் நம் பண்பாட்டை மதிக்காதவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, வீடு கட்டிக்கொண்டிருக்கும் வாசகர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உங்கள் வீட்டில் காடி வெட்டிப் பைப் வைத்தாகிவிட்டது, நாளைக்குக் காலையில் பூச்சு என்றால், இன்றைக்குச் சாயங்காலம் அந்தப் பக்கம் போகாதீர்கள். போனாலும் ஒவ்வொரு சுவருக்கும் எதிரே நின்று, தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் டேப்பைப் பிடித்துக் காட்டச் சொல்லி, செல்போனில் படம் எடுத்துவிடாதீர்கள். சாய்வாக வெட்டியதைப் பார்த்தால் நிறுத்தி நேராக்கச் சொல்லாதீர்கள். ஆர்.சி.சி.பி.யின் மேல் ‘டி’ என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழுத்தி விழுகிறதா என்று பார்க்காதீர்கள். அந்தப் படங்களை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்தீர்களானால், பின்னால் உங்கள் வீட்டில் ஆணி அடிக்க வருகிற யாரும் மகானைத் தேடிப் போகமாட்டார்கள். அவருடைய புகழ் அதோடு முடிந்துவிடும். அந்தப் பழி உங்களையே சேரும்.